பிரதேச சபையிலும் ஏ.ஜி.ஏ. ஒப்பீஸிலும் காகிதம் கேட்டு வாங்குவது எப்படி? மலையகத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் டிவிசனுக்குப் போகும் கொங்கிரீட் பாதை பாதியில் நின்றபோது நான் எழுதிய முதல் கடிதம் இதுதான்: “பாதை வேலை ஏன் நிறுத்தப்பட்டது? ஒதுக்கிய பணம் எங்கே போனது? இதற்கு யார் பொறுப்பு?” மூன்று வாரம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது. “மேற்படி விடயம் இச்சபையுடன் தொடர்புடையதல்ல.”

கோபம் வந்தது. ஆறப்போட்டு யோசித்தால் அந்த அலுவலர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் தவறான வாசலில் நின்று, தவறான விதமாய்க் கேட்டிருக்கிறேன். அப்புறம் எங்கள் பக்கத்தில் பலருக்கு இந்தக் கடிதங்களை எழுதிக் கொடுத்துவிட்டேன். பழகிப்போன பிறகு தெரிந்த சூட்சுமம் இவ்வளவுதான்: ஒப்பீஸிடம் கேள்வி கேட்காதீர்கள், காகிதம் கேளுங்கள். “ஏன்” என்று கேட்டால் விளக்கம் வரும், அல்லது வராது. “இந்தக் கோவையில் உள்ள இந்தக் காகிதத்தின் பிரதி” என்று கேட்டால் ஒன்று தர வேண்டும், இல்லையென்றால் தரமுடியாத காரணத்தை எழுதித் தர வேண்டும்.

முதலில் சட்டம், சுருக்கமாக

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பே, 2015இல், 19ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் 14அ என்ற உறுப்புரை சேர்ந்து, தகவல் கேட்பது அடிப்படை உரிமையாகிவிட்டது. ஏன் கேட்கிறீர்கள் என்ற காரணத்தை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. கவுன்டரில் யாராவது “எதுக்கு இது?” என்று கேட்டால் சிரித்துவிட்டு விடலாம்.

கேட்பவர் இலங்கைக் குடிமகனாக இருக்க வேண்டும். இந்த ஒரு சொல் நம் ஆட்களுக்குக் கொஞ்சம் கனமானது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. கடைசியாக 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்தக் கணக்கு தீர்ந்தது. ஆகவே படிவத்தில் “இலங்கைப் பிரஜையா?” என்ற இடத்தில் “ஆம்” போட யாரும் தயங்க வேண்டாம். அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிவிட்டால் வாக்குவாதம் மிச்சம்.

தனி ஆளாகக் கேட்கத்தான் வேண்டும் என்றில்லை. அங்கத்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாதோர் பிரஜைகளாக இருந்தால் ஒரு சங்கமும் கேட்கலாம். தோட்டத்தில் ஒருத்தர் பெயரில் கடிதம் போனால் மறுநாள் காலையில் வேலைக்குக் கூடுகிற பிரட்டுக்களத்தில் அதுதான் பேச்சு. மாதர் சங்கத்தின் பெயரிலோ கோயில் சபையின் பெயரிலோ போனால் அந்தச் சூடு ஒருவர் தலையில் விழாது.

காகிதம் யாரிடம் இருக்கிறது?

எல்லோரும் சறுக்குகிற இடம் இது. தோட்டத்துக்குள் ஒரு பாதையைப் போட்டது பிரதேச சபையாக இருக்கலாம், பிரதேச செயலகமாக இருக்கலாம், மாகாண சபையாக இருக்கலாம், ஓர் அமைச்சாகவும் இருக்கலாம். பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் நடந்த வேலையென்றால் கோவை பிரதேச செயலகத்தில், அதாவது நாம் ஏ.ஜி.ஏ. ஒப்பீஸ் என்று சொல்கிற இடத்தில், இருக்கும். என் முதல் கடிதம் சபைக்குப் போனதே பிழை. பாதை தொடங்கும் இடத்தில் நட்டிருந்த பெயர்ப்பலகையில் எந்த நிதி, எந்தச் செயலகம் என்று எழுதியே இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் போய் வந்தேன், ஒருநாளும் நின்று வாசிக்கவில்லை. பலகை இருந்தால் உடனே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மழைக்காலம் போதும், எழுத்து அழிந்துவிடும்.

தெருவிளக்கு, குப்பை, கடை அனுமதிப்பத்திரம், சந்தைக் குத்தகை, சபைக் கூட்டறிக்கை எல்லாம் உள்ளூராட்சி சபையிடம். அஸ்வெசும உதவித்தொகை, காணி அனுமதிப்பத்திரம், அனர்த்த நிவாரணப் பட்டியல் எல்லாம் பிரதேச செயலகத்திடம். பள்ளிக்கூட விஷயம் வலயக் கல்விப் பணிமனைக்கு. எந்தச் சபை என்பதிலும் கவனம் வேண்டும். முன்பு நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டே பெரிய பிரதேச சபைகளாக இருந்தவை 2018 தேர்தலுக்கு முன் ஆறாகப் பிரிந்தன: நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட். பழைய வேலையின் கோவை பழைய தலைமைச் சபையிலேயே தங்கியிருக்கக் கூடும்.

இன்னொரு விஷயம். பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும் வரை, தோட்டத்துக்குள் செலவு செய்யச் சபைகளின் கை கட்டப்பட்டிருந்தது. அதற்கு முந்திய வேலைகளைத் தேடுகிறவர்கள் சபையை விட்டுவிட்டு முதலில் மற்ற இடங்களில் தேடலாம். அதேபோல 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6இல்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் உறுப்பினர்கள் இல்லை, செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள். அந்தக் காலத்துக்குச் “சபைக் கூட்டறிக்கை” கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். “செயலாளரின் தீர்மானப் பதிவுகள்” என்று கேளுங்கள்.

தோட்டக் கம்பனியிடம் கேட்க முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஜனவசம போன்ற அரச நிறுவனங்களின் தோட்டமென்றால் நேரடியாகவே கேட்கலாம். தனியார் கம்பனி என்றால் சுற்றுவழிதான் நல்லது: கம்பனி அரசாங்கத்துக்கு அனுப்பிய கடிதம், அரசாங்கம் கம்பனிக்கு அனுப்பிய கடிதம், இரண்டுமே ஏதாவது ஓர் அரச ஒப்பீஸில் கோவையாகக் கிடக்கும். அங்கே கேளுங்கள்.

பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றிதழ்ப் பிரதிக்கு இந்தச் சட்டம் தேவையில்லை. அதற்கு வழக்கமான படிவமும் கட்டணமும் இருக்கின்றன, அதுவே விரைவு.

எந்தக் காகிதம்?

ஒரு சின்ன வேலைக்கே எத்தனை காகிதம் பிறக்கிறது என்று தெரிந்தால் கேட்பது சுலபம். முதலில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் போடும் மதிப்பீடு. அதில் நீளம், அகலம், கனம், எத்தனை கியூப் கல், எத்தனை மூடை சீமெந்து எல்லாம் இருக்கும். அடுத்தது ஒப்பந்தம். சின்ன வேலைகளைப் பெரும்பாலும் கிராம அபிவிருத்திச் சங்கம் போன்ற உள்ளூர்ச் சங்கங்களே எடுக்கும். பிறகு வேலையை அளந்த அளவைத் தாள், அதை வைத்துப் பணம் கொடுத்த வவுச்சர், கடைசியில் வேலை முடிந்ததற்கான அறிக்கை. இந்த ஐந்தையும் பெயர் சொல்லிக் கேட்டால், “எதைக் கேட்கிறார் என்று விளங்கவில்லை” என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

எழுத உட்காருவதற்கு முன் தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் இணையத்தளத்தை ஒரு தடவை பாருங்கள். கணக்காய்வாளர் நாயகம் ஒவ்வொரு சபையைப் பற்றியும் ஆண்டுதோறும் தரும் அறிக்கைகள் அங்கே கிடக்கின்றன. வசூலாகாத வரி, ஓடாத வாகனம், முடியாத வேலை என்று நாம் ஊகிக்கிற பலதும் அதில் ஏற்கனவே எழுதப்பட்டிருக்கும். அந்தப் பந்தி இலக்கத்தைச் சொல்லி, “இதற்குச் சபை அனுப்பிய பதில் கடிதத்தின் பிரதி” என்று கேட்டால், தெரிந்த ஆள் கேட்கிறார் என்று கவுன்டரிலேயே விளங்கிவிடும்.

சட்டத்தின் 9ஆம் பிரிவும் கைகொடுக்கும். உள்நாட்டு நிதியில் 5 லட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமென்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே அதன் விபரத்தை மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பெரிய வேலையென்றால் “9ஆம் பிரிவின்படி வெளியிட்ட விபரத்தின் பிரதி” என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடிதம்

ஆர்.டி.ஐ. 01 என்று ஒரு படிவம் இருக்கிறது. கட்டாயமில்லை, வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். நான் எழுதிக் கொடுப்பது கிட்டத்தட்ட இப்படித்தான்:

“தகவல் அலுவலர்,
(அலுவலகத்தின் பெயர், விலாசம்)

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் கோரல்

நான் ஓர் இலங்கைப் பிரஜை. (தோட்டம், டிவிசன்) பாதையைக் கொங்கிரீட் இடும் வேலை தொடர்பாக, (ஆண்டு) முதல் இன்றுவரையான பின்வரும் ஆவணங்களின் பிரதிகளைத் தரவும்.

1. அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீடு
2. ஒப்பந்தம்
3. அளவைத் தாள்கள்
4. கொடுப்பனவு வவுச்சர்கள்
5. வேலை முடிவுற்ற அறிக்கை. இல்லையெனில், வேலை இடைநிறுத்தப்பட்டமை குறித்த கடிதங்கள்

பிரதிகளை மின்னஞ்சலில் அனுப்பவும். பதிலைத் தமிழில் தரவும்.”

கீழே பெயர், விலாசம், தொலைபேசி, திகதி, கையொப்பம். அவ்வளவுதான். “ஊழல்”, “கொள்ளை”, “பதில் சொல்லியே ஆக வேண்டும்” என்ற சொற்களுக்கு இந்தத் தாளில் இடம் கொடுக்காதீர்கள். கோபத்தைக் காகிதம் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம், அப்போது அதற்கு ஆதாரமும் இருக்கும்.

விலாசம் எழுதும்போது ஒரு நிமிடம் யோசியுங்கள். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்ட ஒப்பீஸுக்குப் போய், அங்கே யார் கையிலோ கிடந்து, ஒரு வாரம் கழித்துத்தான் வீடு வரும், சிலவேளை வராமலும் போகும். மேன்முறையீட்டுக்கு நாள் எண்ணும்போது அந்த ஒரு வாரம் பெரிய நட்டம். டவுனில் தெரிந்த கடை விலாசமோ மின்னஞ்சலோ கொடுங்கள். வீட்டில் போன் வைத்திருக்கும் பிள்ளை ஒன்று போதும்.

எழுதத் தெரியாதவர்கள் நேரில் போய் வாயால் சொல்லலாம். அதைக் கேட்டு எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. ஆனாலும் பக்கத்தில் ஓர் ஆளைக் கூட்டிப் போவது நல்லது.

கொடுக்கும் இடம்

ஒவ்வோர் ஒப்பீஸிலும் தகவல் அலுவலர் யார், அவருக்கு மேல் மேன்முறையீட்டுக்குக் குறித்தளிக்கப்பட்ட அலுவலர் யார், கட்டணம் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்படி அறிவித்தல் போட்டிருக்க வேண்டும். தகவல் அலுவலரே நியமிக்கப்படவில்லை என்றால் நிறுவனத் தலைவரே அந்த அலுவலராகக் கருதப்படுவார். “அந்த சேர் மாறிப் போயிட்டார், புது ஆள் வரல்ல” என்பது காரணமாகாது.

இரண்டு பிரதி கொண்டு போங்கள். நான் போன நாளில் கவுன்டரில் இருந்த மிஸ் கடிதத்தை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுக்கெல்லாம் ஏன் லெட்டர்? சேர் இருக்கிற நாள் வந்து கேளுங்களேன்” என்றார். “கேட்கிறேன் மிஸ், இதையும் வச்சுக்குங்க. என் கொப்பியில ஒரு சீல் மட்டும் அடிச்சுக் குடுங்க” என்றேன். சீலை எடுத்துத் திகதியைத் திருப்பினார், அது முந்தின வாரத்திலேயே நின்றிருந்தது. அதைச் சரிபண்ணி, மைத்தட்டில் இரண்டு குத்துக் குத்தி, அடித்துக் கொடுத்தார். அந்த நீல வட்டம்தான் உங்கள் பிடி. கடிதம் கிடைத்ததை உடனே எழுத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நேரில் போக முடியாவிட்டால் பதிவுத் தபால், துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

கோரிக்கை கொடுக்கக் கட்டணம் இல்லை. பிரதிக்குத்தான் காசு. 2017இன் விதிகளில் A4 தாளின் ஒரு பக்கத்துக்கு 2 ரூபா, நான்கு பக்கம் வரை இலவசம், மின்னஞ்சலும் இலவசம். கோவையை அங்கேயே இருந்து பார்வையிடவும் கேட்கலாம், முதல் ஒரு மணித்தியாலத்துக்குப் பணமில்லை. எது எந்தக் கோவையில் இருக்கிறது என்றே தெரியாதபோது இந்த வழி நல்லது.

நாள் எண்ணுதல்

கடிதம் கிடைத்ததிலிருந்து 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சனி, ஞாயிறு, போயா கழிந்தால் ஏறக்குறைய மூன்று வாரம். சித்திரை மாதமென்றால் இன்னும் இழுக்கும். தருவதாக முடிவானால், கட்டணம் கட்டிய பிறகு 14 நாளுக்குள் கையில் வர வேண்டும். காகிதம் அதிகம், வேறு ஊர் ஒப்பீஸில் இருக்கிறது என்பது போன்ற காரணம் இருந்தால் மேலும் 21 நாள் வரை எடுக்கலாம், ஆனால் அதை உங்களுக்கு அறிவிக்க வேண்டும்.

உயிரோடும் தனிமனித சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணித்தியாலம். மலையகத்தில் இருக்கிற நமக்கு இது வெறும் சட்ட வரி இல்லை. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உங்கள் லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், “இருக்கலாமா கூடாதா” என்று வாய்வார்த்தையாக மட்டும் ஏதோ சொன்னார்கள் என்றால், அந்த அறிக்கையின் பிரதியை அவர்களிடமும் பிரதேச செயலகத்திடமும் கேளுங்கள். “இத்தகவல் எங்கள் உயிர்ப் பாதுகாப்புக்கு அவசியமானது” என்ற வரி கடிதத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் உங்கள் கடிதமும் மற்றக் கடிதங்களோடு வரிசையில் நிற்கும்.

மறுத்தால், மௌனம் சாதித்தால்

சில தகவல்களை மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அடுத்த வீட்டுக்காரரின் அஸ்வெசும விண்ணப்பத்தில் உள்ள வருமான விபரம் உங்களுக்குக் கிடைக்காது. உங்கள் சொந்த விண்ணப்பத்துக்கு எத்தனை புள்ளி போட்டார்கள் என்பதைக் கேட்கலாம். மறுப்பதென்றால் 5ஆம் பிரிவின் எந்தக் காரணம் என்று சொல்ல வேண்டும். ஒரு தாளில் ஒரு பகுதி மட்டும் கொடுக்கக்கூடாததென்றால் அதை மறைத்துவிட்டு மிச்சத்தைத் தர வேண்டும். பொதுநலன் பெரிதாக இருந்தால் அந்தக் காரணங்களையும் தாண்டித் தர வேண்டும்.

மறுத்தாலோ, நாள் கடந்தும் பதில் இல்லாவிட்டாலோ, அன்றிலிருந்து 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். “இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்” என்று நினைவூட்டல் கடிதம் எழுதிக்கொண்டே இருப்பார்கள், நாள் ஓடிவிடும். நினைவூட்டல் எழுதாதீர்கள், மேன்முறையீடு எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்: எந்தத் திகதியில் கேட்டேன், என்ன நடந்தது, சீல் அடித்த பிரதி இணைப்பு. அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு தர வேண்டும்.

அதிலும் சரிவரவில்லை என்றால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு. சட்டத்தரணி தேவையில்லை. 30 நாளில் முடிவு என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதைவிட இழுபடும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆனால் ஆணைக்குழுவின் கடிதம் ஒப்பீஸுக்குப் போனதுமே, தொலைந்ததாகச் சொன்ன கோவைகள் கிடைத்துவிடுவதும் உண்டு. சட்டம் வருவதற்கு முன் இருந்த ஆவணங்களைக் குறைந்தது 10 ஆண்டும், பிறகு உருவானவற்றை 12 ஆண்டும் வைத்திருக்க வேண்டும். வேண்டுமென்றே அழிப்பது 50,000 ரூபா வரை தண்டமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் கிடைக்கக்கூடிய குற்றம். ஆணைக்குழுவின் முடிவும் திருப்தியில்லை என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றம், அதற்கு ஒரு மாதம்.

காகிதம் வந்த பிறகு

என் இரண்டாவது கடிதம், இந்த முறை சரியான வாசலுக்குப் போனது, பதினொரு பக்கத்தோடு திரும்பி வந்தது. முகப்புக் கடிதம் தமிழில், உள்ளே எல்லாம் சிங்களத்தில். பதிலைத் தமிழில் கேட்க நமக்கு உரிமை உண்டு, ஆனால் மூலக்கோவை எந்த மொழியில் இருக்கிறதோ அந்தப் பிரதிதான் வரும். பக்கத்து வீட்டில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளை வாசிக்க, மேசன் வேலை செய்கிற மாமா ஒருவர் விளக்க, லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து எழுதிக்கொண்டோம்.

மதிப்பீட்டில் 120 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம். மாமாவின் டேப்பைப் பிடித்துக்கொண்டு பாதையில் நடந்தோம். 96 மீற்றரில் கொங்கிரீட் முடிந்துவிட்டது. “பார்த்தியா, 24 மீற்றரைச் சாப்பிட்டாச்சு!” என்று கூட வந்தவர்கள் சத்தம் போட்டார்கள். டிவிசனில் எல்லோருக்கும் வேலையை எடுத்த சங்கச் செயலாளர் மேல்தான் சந்தேகம், ஒரு வருஷமாக அவரோடு பேசாத குடும்பங்கள்கூட இருந்தன. அளவைத் தாளை மறுபடி வாசிக்கச் சொன்னோம். அதிலும் 96 மீற்றர்தான். வவுச்சரிலும் 96க்குத்தான் பணம். கடைசித் தாள் ஒரு சின்னக் கடிதம்: கல் வந்து சேரத் தாமதமானதால் டிசம்பர் 31க்குள் வேலை முடியவில்லை, மீதி ஒதுக்கீடு திரும்பிப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் செயலாளர் வீட்டுக்குப் போய் அந்தத் தாள்களைக் கொடுத்தோம். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “இத நான் வாயால சொன்னப்ப யாரும் நம்பலியேப்பா” என்றார். இப்போது மிச்சம் 24 மீற்றரை அடுத்த ஒதுக்கீட்டில் சேர்க்கச் சொல்லி, அதே பதினொரு பக்கத்தை இணைத்து, அவர் கையெழுத்தோடு ஒரு விண்ணப்பம் போயிருக்கிறது. அதன் பிரதியிலும் சீல் அடித்து வாங்கியாயிற்று.